தேரை அண்ணன் பார்த்த நல்ல நாள்

திருச்சி ஜில்லாவிலேயே செல்போன் திரையில் தேரைப் படம் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் தேரை அண்ணன்தான். மற்றவர்கள் பேரன் பேத்தியை வைத்திருப்பார்கள், இல்லை சமயபுரத்தாளை வைத்திருப்பார்கள். இவர் வைத்திருந்தது தென் அமெரிக்க மழைக்காட்டு ராட்சதத் தேரை. சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்குமாம். காட்டை வெட்டி வெட்டி அதற்கு இருக்க இடமில்லாமல் செய்துவிட்டார்களாம். சொந்த அக்கா வீட்டை இடித்துவிட்டதுபோலத்தான் அதைச் சொல்வார்.

அரியமங்கலத்துப் பட்டறை ஒன்றில் அவர் லேத் ஓட்டினார், நான் ஸ்டோர் கீப்பர். பின்பக்கம் பழைய இரும்புக் குவியல். அதன் அடியில் உள்ளங்கை அகலத் தேரைகள் குடியிருந்தன. காலையில் ஷூவைத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்பது அண்ணன் போட்ட சட்டம். நம் காலுக்காக இல்லை, உள்ளே இருப்பவருக்காக. தேரையைத் தொட்டால் மரு வரும் என்று பயமுறுத்தினால் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். சுத்தமாக இருக்கும். மூக்கில் மட்டும் ஒன்று உண்டு. அது பிறவியிலேயே வந்தது என்பார். நாங்கள் நம்பவில்லை.

ஒருநாள் சீண்டினேன். எங்கேயோ இருக்கிற காட்டுத் தேரைக்கு அரியமங்கலத்தில் உட்கார்ந்து என்ன செய்ய முடியும் என்று கேட்டேன்.

"அதுக்கு என்னால ஒண்ணும் முடியாதுங்க. அதான் இதையாவது பாத்துக்கறேன்" என்றார்.

ஒரு வருடம் ஆயுத பூஜை சமயத்தில், குவியலை எடைக்குப் போட்டுவிட்டு அங்கே சிமென்ட் தளம் போடுவதென்று முதலாளி முடிவு செய்தார். அண்ணன் முகம் செத்துப்போனது. காய்ந்து கிடக்கும் தரையில் தேரைகளைக் கிளப்பிவிட்டால் அவை லாரி டயருக்குத்தான் போகும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் தாமாகவே பக்கத்துப் பள்ளத்துத் தண்ணீருக்கு முட்டையிடப் போய்விடும். அதுவரை நாளைக் கடத்த வேண்டும்.

ஸ்ரீரங்கத்திலேயே வீடு இருந்தும் வைகுண்ட ஏகாதசிக்குக்கூடக் கோயில் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், அன்று கிண்ணத்தில் சந்தனம் குழைத்தார். குவியலில் இருந்த ஒவ்வோர் இரும்புக்கும் பொட்டு வைத்தார், துருப்பிடித்த போல்ட்டுக்குக்கூட. பூஜையில் வைத்ததை அசைக்கக் கூடாதே. வந்த லாரி திரும்பிப் போனது. விஜயதசமிக்கு மறுநாள் மறுபடி வந்தது. செவ்வாய்க்கிழமை பட்டறையிலிருந்து இரும்பு வெளியே போகக் கூடாது என்றார். அப்புறம் கரிநாள். அப்புறம் சந்திராஷ்டமம், அதுவும் முதலாளிக்கு. பஞ்சாங்கமும் கையுமாகவே அலைந்தார். முதலாளியும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டு லாரிக்காரருக்கு போன் போட்டார்.

இப்படியே கடத்திக் கடத்திப் பத்தாம் நாள் மத்தியானம் மழை கொட்டியது. தூறலாகக் குறைந்ததும் லாரி வந்து நின்றது. குவியலுக்கடியிலிருந்து தேரைகள் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டிப் பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. டிரைவர் வண்டியை உள்ளே விடப் பார்த்தார். முதலாளி குடையோடு போய் லாரிக்கு முன்னால் நின்றார்.

"செத்த இருங்கப்பா. இன்னும் ரெண்டு வரணும்."

நான் வாயைப் பிளந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"பஞ்சாங்கத்தத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு நாள் பாத்த மனுஷன் இவர் ஒருத்தர்தாங்க. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?"

அண்ணன் காதில் இதெல்லாம் விழவே இல்லை. கடைசித் தேரைக்குப் பின்னால் குனிந்து, இரண்டு கையையும் பக்கத்துக்கு ஒன்றாக விரித்துக்கொண்டு, நனைந்தபடி அதன் வேகத்துக்கே நடந்துகொண்டிருந்தார். அந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. ஸ்டோரிலிருந்து ஒரு குடையை எடுத்துக்கொண்டு நானும் அவர் பின்னால் மெதுவாக நடந்தேன்.