காத்திருவுக்குப் பதவி உயர்வு

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் கணினி மெதுவாக வேலை செய்கிறது என்பதை அலுவலகம் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்ட நாளில் எல்லோருக்கும் தேநீர் வழங்கப்பட்டது. அதுவரை கணினி மெதுவாக இல்லை, பொதுமக்கள்தான் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பத்தை உள்ளே தட்டினால் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கும். எழுத்தர் எழுந்து போய், முகம் கழுவி, பக்கத்து மேசைக்காரரிடம் தன் சம்பந்தி வீட்டு வம்பை முழுசாகப் பேசி முடித்துவிட்டு வந்து உட்காரும்போதும் அது சுற்றிக்கொண்டிருக்கும்.

"மேற்படி வட்டம் சுற்றுவதற்கான காரணத்தைக் கண்டறிந்து அறிக்கை சமர்ப்பிக்கவும்" என்று சுற்றறிக்கை வந்தது. அது எல்லா மேசைகளிலும் ஏறி இறங்கி, தங்களுடைய வேலை இல்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு, கழிப்பறைக்குப் பக்கத்து மேசையில் வந்து நின்றது. அந்த மேசை என்னுடையது. நான் ஒப்பந்த நிரலாளன், அதாவது கணினி புரோகிராம் எழுதுகிறவன். மறுத்துப் பேசினால் ஒப்பந்தம் முடிந்துவிடும் என்பதால், இந்த மாதிரிக் காகிதங்களுக்கு என் மேசை என்றால் தனிப் பிரியம்.

எனக்கும் ஓர் அவசரம் இருந்தது. என் அக்கா சலவைக்கடை வைத்திருக்கிறாள். பக்கத்துத் தெருவில் யாரோ தண்ணீர்க் கட்டணம் கட்டவில்லை என்று, அதே கதவு எண் கொண்ட அக்காவின் கடைக்கு வந்து குழாயை மூடி முத்திரை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தவறு அலுவலகத்துடையது. ஆனால் விண்ணப்பம் போட்டு வரிசையில் நிற்க வேண்டியவள் அக்கா. அவள் முறை வருவதற்குள் தினமும் விண்ணப்பம் வாங்கும் சன்னலை மூடிவிடுவார்கள். ஒரு தங்கும் விடுதியின் படுக்கை விரிப்புகளை நம்பித்தான் அந்தக் கடையே ஓடுகிறது. சீக்கிரம் தண்ணீர் வராவிட்டால் விரிப்புகளை எதிர்க்கடைக்குக் கொடுத்துவிடுவதாக விடுதி மேலாளர் சொல்லிவிட்டார்.

"அந்த ஆபீஸ்லதானேடா குப்பை கொட்டறே? கூடப் பொறந்தவளுக்கு ஒரு குழாயைத் திறந்துவிட முடியாதா?" என்றாள் அக்கா.

"வட்டம் சுத்துதுக்கா."

"என் மெஷின் சுத்தாம நிக்குது. உங்க வட்டம் மட்டும் நல்லா சுத்துது!"

எனவே ஆத்திரத்தோடு வேலையில் இறங்கினேன். புரொஃபைலர் என்று ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அது ஓயாமல் எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், நிரலின் எந்தப் பகுதி அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். பிறகு கருப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளையைத் தட்டினால் போதும். யார் யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று சதவீதத்தோடு பட்டியல் வந்து விழும். மாமியார் வேலை. நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் தமிழில்தான் பெயர் வைக்க வேண்டும் என்று எப்போதோ ஒரு உத்தரவு இருந்ததால், பட்டியல் படிப்பதற்கும் சுலபமாக இருந்தது.

முதலிடத்தில் 'காத்திரு', தொண்ணூற்றொரு சதவீதம். கடைசியில் 'இணைப்பு கொடு', புள்ளி பூஜ்யம் இரண்டு.

காத்திருவை யார் கூப்பிடுகிறார்கள் என்று இன்னொரு கட்டளை தட்டிப் பார்த்தேன். குட்டு வெளிப்பட்டது. அலுவலகம் பழைய கட்டடத்தில் இருந்தபோது, விண்ணப்பங்களுக்கு முத்திரை போட அங்கே ஒரு கணினி இருந்தது. அதை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார்கள். நிரலுக்கு யாரும் சொல்லவில்லை. அது ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்தக் கணினியைக் கூப்பிட்டு, காத்திருவை உட்காரவைத்து, பதில் வராமல் சலித்துப்போன பிறகுதான் அடுத்த வேலைக்கு நகர்ந்தது. ஒரு வரியை நீக்கினால் போதும். வரியை நீக்க இயக்குநரின் அனுமதி வேண்டும்.

இயக்குநர் கருப்புத் திரையை அதற்குமுன் பார்த்ததில்லை. பார்த்ததும் எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"யாருப்பா இது, முதல்ல இருக்கறது?"

"காத்திரு, சார். நேரம் முழுக்க இது ஒண்ணுதான் எடுத்துக்குது."

"தொண்ணூத்தியொரு சதவீதமா? தனி ஆளாவா?"

"ஆள் இல்லை சார், அது வந்து..."

"இப்படி இழுத்துப் போட்டுக்கிட்டு வேலை செய்யறவங்களை இந்த ஆபீஸ்ல நான் பார்த்ததே இல்லை."

"சார், அது வேலை செய்யலை. நேரத்தை எடுத்துக்குது. ரெண்டும் வேற வேற."

இயக்குநர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இத்தனை வருஷமா இங்கே இருக்கேன். ரெண்டும் வேற வேறன்னு என்கிட்ட யாரும் சொன்னதே இல்லையேப்பா."

பிறகு அவர் விரல் பட்டியலின் அடிக்கு இறங்கியது. "இது யாரு, கடைசியில?"

"இணைப்பு கொடு, சார். குழாயைத் திறக்கச் சொல்லி உத்தரவு போடறது அதுதான்."

"புள்ளி பூஜ்யம் ரெண்டு. மத்த நேரமெல்லாம் எங்கே போகுது?"

"அந்த வேலைக்கு அவ்வளவு நேரமே போதும் சார்."

"வந்தோம், முடிச்சோம்னு போற ஆளை நான் நம்பறதில்லை. பொறுப்பிருந்தா கொஞ்சம் யோசிக்கத் தோணாது?"

அன்று மாலையே இரண்டு ஆணைகள் வெளியாயின. முதலாவது, 'தன்னலம் கருதாது அரும்பணி ஆற்றிவரும் காத்திரு'வுக்குப் பாராட்டு. இரண்டாவது, பணியில் மெத்தனம் காட்டிய இணைப்பு கொடுவுக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு. அதை உரியவரிடம் சேர்க்க வேண்டிய பொறுப்பு எனக்கு. எப்படிச் சேர்ப்பது என்று கேட்டேன். திரையில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். குறித்த கெடுவுக்குள் பதில் வரவில்லை. ஆகவே குற்றச்சாட்டை ஏற்றுக்கொண்டதாகக் கருதி, அது பணிநீக்கம் செய்யப்பட்டது. அதை நிரலிலிருந்து என் கையாலேயே அழித்தேன். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய மாதம் அது.

மறுநாள் பட்டியலில் காத்திரு இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. சீர்திருத்தம் வேலை செய்கிறது என்று இயக்குநர் கை குலுக்கினார்.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் கருப்புத் திரைப் பைத்தியம் பிடித்தது. அதிகாரி என்றால் மேசையில் கருப்புத் திரை இருக்க வேண்டும், அதில் பச்சை எழுத்து ஓட வேண்டும், எதிரில் கை கட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஆகிவிட்டது. கணினியைத் திறக்கவே தெரியாத கணக்கு அதிகாரி, அணைந்து கிடந்த திரையின் முன்னால் அப்படி நின்று நல்ல பெயர் வாங்கினார். துணை இயக்குநர் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, மனிதர்களையும் இதே போல அளக்கலாமே என்றார். உடனே ஒரு மேற்பார்வையாளரை நியமித்தார்கள். அவர் நாள் முழுக்க ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்து, கண்ணில் பட்டவர் என்ன செய்கிறார் என்று குறித்துக்கொண்டார். ஆவண அறையில் எப்போதும் தூங்கும் எழுத்தர் 'தொடர்ந்து இருக்கையில் இருந்தவர்' என்று பாராட்டப்பட்டார். ஓடியாடி வேலை செய்த தபால்காரரை ஒரு இடத்திலும் காணவில்லை என்று எச்சரித்தார்கள்.

வரிசை மட்டும் நகரவில்லை. அக்காவின் குரலும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. விடுதி மேலாளர் எதிர்க்கடைப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த அலுவலகத்தில் ஒருவரை ஓர் இடத்திலிருந்து அகற்ற ஒரே வழி, அவரை உயர்த்துவதுதான்.

"சார், காத்திருவோட திறமைக்கு இந்தக் கிளை ஆபீஸ் சின்ன இடம்" என்றேன் இயக்குநரிடம்.

அவர் கண் கலங்கியது. "நானும் அதையேதான் நினைச்சேன். நல்லவங்களை நாமே கட்டிப் போட்டு வெச்சிருக்கக் கூடாது."

காத்திரு பதவி உயர்வில் தலைமையகத்துக்குப் போனது. அங்கே எல்லா மேல்முறையீடுகளையும் ஆணைகளையும் கவனிக்கும் நிரலில், எல்லாவற்றுக்கும் மேலே அதைப் பொருத்திவிட்டு வந்தேன். பிரிவு உபசாரத்தில் இயக்குநர் பேசினார். திரைக்கு மாலை போட்டார்கள்.

மறுநாள் காலை வட்டம் சுற்றவில்லை. விண்ணப்பத்தைத் தட்டிய கணமே அச்சு எந்திரம் சீட்டைத் துப்பியது: "தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது. நாளை வரவும்." இணைப்புக் கொடுப்பதற்கு உள்ளே யாரும் இல்லை என்பதால் நிரலால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அதைக் கண் இமைக்கும் நேரத்தில் சொன்னது.

சன்னலை உடைப்பார்கள் என்று பயந்து நான் கழிப்பறைக்குள் போய் நின்றுகொண்டேன். சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கைதட்டல்.

"முன்னெல்லாம் 'நாளைக்கு வா'ன்னு கேக்கவே அரை நாள் நிக்கணும். இப்போ பாருங்க, வந்த உடனே சொல்லிடறாங்க!" என்றார் ஒரு பெரியவர், சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே. வாசலில் வரிசை நகர்ந்த வேகம் திருப்தியா இல்லையா என்று கேட்கும் பெட்டி வைத்திருந்தார்கள். எல்லோரும் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுப் போனார்கள். அக்காவும் அழுத்தினாள்.

"நீ எதுக்குக்கா அமுக்கினே?"

"வரிசை சீக்கிரம் நகந்துச்சான்னுதானே கேட்டிருக்கான்? நகந்துச்சு."

இணைப்பு கொடுவைத் திரும்பக் கொண்டுவர நான் படாத பாடு பட்டேன். பணிநீக்கம் செய்யப்பட்டவர் தாமே நேரில் வந்து மேல்முறையீடு செய்ய வேண்டும் என்றார்கள். வேறு பெயரில் புதிதாக எழுதிவிடலாம் என்று பார்த்தால், புதிய நியமனங்களுக்குத் தடை இருந்தது. இயக்குநர் தினமும் பட்டியலைப் பெயர் பெயராக வாசிப்பதால் கள்ளத்தனமாக நுழைக்கவும் வழியில்லை. கடைசியில் அவரே மனம் இரங்கி, சிறப்பு அனுமதி கேட்டுத் தலைமையகத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை. நாள்தோறும் அவர் அறை வாசலில் போய் நின்றேன்.

"ஏன் இவ்வளவு தாமதம்னு தலைமையகத்து நிரலையும் கொஞ்சம் பாரேன்" என்றார் ஒரு நாள்.

கட்டளையைத் தட்டினேன். பட்டியல் விழுந்தது. முதலிடத்தில் காத்திரு, தொண்ணூற்றெட்டு சதவீதம்.

இயக்குநர் எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு என் தோளில் தட்டினார். "நான் சொல்லலை? போன இடத்துலயும் முதலிடம்!"

அந்த மாதம் மேற்பார்வையாளரின் பட்டியலும் வந்தது. அவர் எட்டிப் பார்த்தபோதெல்லாம் நான் இயக்குநர் அறை வாசலில் நின்றிருந்தேன். ஒவ்வொரு தடவையும் என் பெயருக்கு நேரே 'காத்திருக்கிறார்' என்று எழுதியிருந்தார். மொத்தத்தில் தொண்ணூற்று நான்கு சதவீதம். அலுவலகத்திலேயே அதிகம். சான்றிதழ் கொடுத்தார்கள், ஒப்பந்தத்தையும் புதுப்பித்தார்கள். மேசையைக் கழிப்பறையிலிருந்து இரண்டு அறை தள்ளிப் போட்டார்கள். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்?

சான்றிதழோடு அக்கா கடைக்குப் போனேன். உள்ளே எந்திரங்கள் காய்ந்து கிடந்தன. எதிர்க்கடை மாடியில் விடுதி விரிப்புகள் வெள்ளை வெளேரென்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அக்கா வாசலில் நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சான்றிதழை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த வட்டமே இருந்திருக்கலாம்டா. அது சுத்தற வரைக்கும், இன்னைக்குக் கிடைச்சிடும்னு நம்பிக்கிட்டாவது உக்காந்திருந்தேன்" என்றாள். அவள் குரலில் சண்டையே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பிறகு கேட்டாள், "உண்மையைச் சொல்லு. தண்ணி எப்போடா வரும்?"

"நாளைக்கு" என்றேன். கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.