ஸ்டெல்லாவின் மிஷினும் என் நெஞ்சும்

பரீட்சை எழுதுகிறவரைவிட, அவரைக் கொண்டுபோய் வாசலில் விடுகிறவருக்குத்தான் பயம் அதிகம். எழுதுகிறவருக்காவது பதில் தெரியும். நமக்கு ஜெபம் மட்டும்தான் தெரியும். அந்த ஜெபத்தாலேயே என் மனைவியின் மேற்படிப்பைக் கவிழ்க்கப் பார்த்தவன் நான்.

திண்டுக்கல்லில் பூக்கடை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பைத் தாண்டியதே வேண்டுதலால்தான். ஸ்டெல்லா பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு, இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவக் கருவிப் பொறியியலில் எம்.இ. சேர்ந்தாள். விடிவதற்குள் சோறும் வெஞ்சனமும் ஆக்கி வைத்துவிட்டு மதுரை பஸ்ஸில் ஏறுவாள். பாதிப் பாடத்தை பஸ்ஸிலேயே படித்து முடித்துவிடுவாள். (நான் பஸ்ஸில் ஏறினால் கொடைரோடு வருவதற்குள் குறட்டை விடுவேன்.)

"ஏம்மா, இது டாக்டர் படிப்பா, நர்ஸ் படிப்பா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள்.

"ரெண்டு பேருக்கும் மிஷின் செஞ்சு குடுக்குற படிப்பு சித்தி" என்பாள். நானே செய்து கொடுப்பதுபோல் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பேன்.

அவள் செய்தது கிராமத்து சுகாதார நிலையத்துக்கான ஒரு சின்னப் பெட்டி. நோயாளியின் நெஞ்சில் மூன்று பட்டைகளை ஒட்டினால் இதயத் துடிப்பு திரையில் கோடாக ஓடும். கடைசித் தேர்வில், வெளியூர்ப் பேராசிரியர் முன்னால், அதை ஒரு ஆள்மேல் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் இன்னும் ஆறு மாதம். அவளுக்கோ விடுப்பு அந்த மாதத்தோடு முடிகிறது. பிறகு படிப்பை விட வேண்டியதுதான்.

அந்த ஆளாகப் படுப்பதாக இருந்த வகுப்புத் தோழனுக்கு முந்தின நாள் அம்மை போட்டுவிட்டது.

"நான் வந்து படுக்குறேன்" என்றேன்.

"வேணாங்க. நீங்க பதட்டப்படுவீங்க."

"சும்மா படுத்துக் கெடக்குறதுல என்ன பதட்டம்? தெனம் மத்தியானம் செய்யுறதுதானே!"

அவளுக்கும் வேறு ஆள் கிடைக்கவில்லை. "சரி, நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வாங்க. அம்புட்டுதான்" என்றாள்.

குளித்தேன். அம்புட்டோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் வீட்டில் கால் வலித்தால் காலில், தலை வலித்தால் நெற்றியில், கோயிலில் மந்திரித்த எண்ணெயைத் தடவுவோம். அன்றைக்குப் பரீட்சை நெஞ்சுக்கு. ஒரு சொட்டுப் போதும் என்பார் பங்குச் சாமியார். எம்.இ. பெரிய படிப்பாயிற்றே என்று பாட்டிலையே கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டேன்.

ஆய்வகத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு மேசைமேல் படுத்தேன். ஸ்டெல்லா பேராசிரியருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். ஆய்வக உதவியாளர் என் நெஞ்சின் மினுமினுப்பை வேர்வை என்று நினைத்து, பட்டைகளை அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார்.

கோடு இரண்டு துள்ளல் துள்ளியது. பிறகு பட்டைகள் ஒவ்வொன்றாக விலாப்பக்கம் வழுக்கி இறங்கின. கோடு நேராகப் போனது. பெட்டி 'கீ' என்று கூவியது.

நேர்க்கோட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்ததுதான். கோடு நேரானதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவார். அந்த நேரம் பார்த்துப் பேராசிரியரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் போய்விட்டேன் என்றே முடிவு செய்தேன்.

"ஐயோ, சாமியாரைக் கூப்புடுங்க! ஸ்டெல்லா, பிள்ளைகளப் பாத்துக்க!" என்று அலறிவிட்டு, சாகும் நேரத்தில் பாவ மன்னிப்புக் கேட்கும் மனஸ்தாப மந்திரத்தை உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன். உட்கார்ந்திருந்த மாணவர்களில் இரண்டு பேர் மரியாதையாக எழுந்தே நின்றுவிட்டார்கள்.

"யாரும்மா இவரு?" என்றார் பேராசிரியர்.

"என் வீட்டுக்காரர் சார்" என்றவள் என் பக்கம் குனிந்தாள். "என்னங்க, உசுரு போனவங்க இம்புட்டுச் சத்தம் போட மாட்டாங்க. பேசாமப் படுங்க." நெஞ்சைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். "எண்ணெயா?"

"மந்திரிச்சது" என்றேன்.

அவள் இடத்தில் நான் இருந்தால் அழுதிருப்பேன், இல்லையென்றால் என்னை அடித்திருப்பேன். அவள் நிதானமாகத் திரும்பினாள்.

"சார், சாணார்பட்டிப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க இப்படித்தான் வருவாங்க. எண்ணெய், தைலம், வேர்வை எல்லாம் இருக்கும். அந்த லைட்டைப் பாருங்க, மஞ்சள். இதயம் நின்னா செவப்பு எரியும், பட்டை கழண்டா மஞ்சள். அந்த வித்தியாசத்த நர்ஸம்மாவுக்குச் சொல்லத்தான் சார் இதைச் செஞ்சேன்."

அவர் குனிந்து விளக்கைப் பார்த்தார். "சரிம்மா. ஆனா துடிப்பையும் காட்டணுமே?"

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். பிளேடு வாங்கி, அத்தனை பேர் பார்க்க, என் நெஞ்சில் மூன்று இடத்தில் வட்டமாகச் சிரைத்தாள். புதுப் பட்டைகளை ஒட்டினாள். கோடு எழுந்தது, ஆனால் தறிகெட்டு ஓடியது.

"என்னம்மா இவ்வளவு வேகம்? மிஷின் கோளாறா, மனுஷன் கோளாறா?"

"மனுஷன்தான் சார்." என் காதருகே வந்தாள். "ஜெபமாலை சொல்லுங்க. மெதுவா. மனசுக்குள்ள!"

சொன்னேன். மன்றாட்டு நகர நகரத் துள்ளல் அடங்கி, கோடு சீராக நடக்கத் தொடங்கியது. பேராசிரியர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான் ஸ்டெல்லாவின் முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஆண்டவர் அறிவை அவளுக்குக் கொடுத்து, அவளை எனக்குக் கொடுத்திருக்கிறார். பங்கு சரியாகத்தான் பிரிந்திருக்கிறது என்று அந்த மேசையில் கிடந்தபடியே நன்றி சொன்னேன்.

முதல் வகுப்பில் தேறினாள். இன்றைக்கும் நான் மத்தியானம் கண்ணயர்ந்தால், "அப்பா, லைட்டு மஞ்சளா செவப்பா? சாமியாரைக் கூப்புடவா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஸ்டெல்லா இப்போது பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். பட்டை ஒட்டும் பாடம் வந்தால் உதாரணம் நான்தானாம். சாயங்காலம் அவளைக் கூட்டிவர வண்டியோடு வாசலில் நிற்பேன். அவளுடைய மாணவிகள் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கண் மட்டும் என் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கு மேலே ஏறுவதே இல்லை.