மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவே

கொக்கோலா, பின்லாந்து, ஜூன் 9

அன்புள்ள சில்வி அக்காவுக்கு,

தம்பி உர்போ எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், அத்தான் உன் பேச்சைக் கேட்டு மாத்திரை போட்டுக்கொள்கிறார் என்றும் நம்புகிறேன். இங்கே மழை இல்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை சைலாவுக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவன் எழுந்து நின்று நாலு வார்த்தை பேச வேண்டும். என் மனைவியை அடக்கம் செய்த அன்று பேச எழுந்தவன், "ஹெல்மி" என்று அவள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்ததை நீயே பார்த்தாய். அதனால்தான் இந்தத் தடவை பேச்சுக்குப் பதில் படம். சைலா சிறுமியாக இருந்தபோது ஹெல்மி எடுத்த வீடியோத் துண்டுகளை ஒட்டி, நான் சொல்ல நினைப்பதைத் திரையின் அடியில் எழுத்தாக ஓடவிட்டேன். மாப்பிள்ளை டோர்கெல் வீட்டில் ஸ்வீடிஷ்தான் பேசுவார்கள். ஆகவே நம் ஊர்த் தியேட்டர்களில் வெளிநாட்டுப் படங்களுக்குப் போடுவதுபோல மேல் வரி பின்னிஷ், கீழ் வரி ஸ்வீடிஷ்.

அங்கேதான் ஆரம்பித்தது வினை. இந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியிலும் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து இடம் விடுகிறது. கீழ் வரியில் தலையில் வட்டம் வைத்த எழுத்து வந்தால் மேல் வரியைத் தூக்குகிறது, வராவிட்டால் இறக்குகிறது. சைலா சைக்கிள் பழகும் காட்சியில் அவளைவிட என் வரிகள்தான் அதிகம் தடுமாறின. சரி, தொலையட்டும் என்று இடைவெளியை ஒரேயடியாகக் குறைத்து, ஞாயிறன்று காபிக்கு வந்த டோர்கெலின் அம்மா குன்வோருக்குப் போட்டுக் காட்டினேன். பின்னிஷ் எழுத்தின் வால் ஸ்வீடிஷ் எழுத்தின் தலையில் குத்திக்கொண்டு நின்றது.

"என்ன சம்பந்தி, உங்க பாஷை எங்க தலைமேல ஏறி உட்காந்திருக்கு?"

"எழுத்துதானேம்மா இடிக்குது..."

"ஸ்வீடன் ராஜா இந்த நாட்டை ஆண்ட காலத்துல நாங்க மேல உட்காந்திருந்தோம், ஒத்துக்கறேன். அதுக்காக இப்படியா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இரண்டாவது துண்டு கேக்கை எடுக்கவில்லை. மறுநாள் இடைவெளியைத் தாராளமாக்கினேன். பின்னிஷ் வரி சைலாவின் முகத்துக்கே ஏறிவிட்டது.

"அப்பா, எனக்குத் தாடி வெச்சிருக்கியே! கல்யாணத்துக்கு முன்னாடி சண்டை வேணாம்ப்பா. படத்தை விட்டுடு. நீ எழுந்து ரெண்டு வார்த்தை பேசு, போதும்."

பேசுவதா, நானா? கம்ப்யூட்டரை மறுபடி திறந்தேன்.

இரண்டு நாள் விடாமல் உட்கார்ந்தேன். கடைசியில் பிடிபட்டது. வரியில் எந்த எழுத்து வந்தாலும், வராவிட்டாலும், மேல் வரி எழுத்துகள் உட்காரும் கோட்டுக்கும் கீழ் வரி எழுத்துகள் உட்காரும் கோட்டுக்கும் நடுவே தூரம் ஒன்றுதான். எழுத்துகளிலேயே உயர்ந்த தலையையும் நீண்ட வாலையும் சேர்த்து அளந்து, அதற்குமேல் ஒரு மயிரிழை கூட்டி, அப்புறம் படம் முடியும்வரை அதில் கை வைக்கக்கூடாது. கீழ் வரி நின்ற இடத்தில் நிற்க வேண்டும். எந்த ரயில் வந்தாலும் தண்டவாளத்தின் அகலம் மாறுவதில்லை. முப்பது வருடம் ரயில்வேயில் இருந்தவனுக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். எழுத்தையும் கொஞ்சம் சிறிதாக்கினேன். சைலாவின் தாடி போயிற்று. குன்வோர் அம்மா மறுபடி வந்து பார்த்து, "இப்பதான் ரெண்டு குடும்பமும் மூச்சு விட முடியுது" என்று சொல்லி, இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார்.

ஆக, நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. எவ்வளவு நிம்மதி என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நீயும் அத்தானும் பத்திரமாக வந்து சேருங்கள். ஆண்டவன் உங்கள் இருவருக்கும் நல்ல உடம்பைக் கொடுக்கட்டும்.

உன் தம்பி,
உர்போ

பி.கு.: இப்போதுதான் மண்டபத்தில் ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறேன். திரைக்கு நேர் முன்னால் காபி மேசை. கேக்கும் பெரிய பிளாஸ்க்குகளும் ஏறியதும் இரண்டு வரியும் மறைந்துவிட்டன. எழுத்தை ஏற்றினால் முகத்தில் விழும். மேசையை நகர்த்தலாமே என்றேன். இரு வீட்டுப் பெண்களும் முதன்முறையாக ஒரே குரலில், "காபி மேசை எப்பவும் அங்கதான்" என்றார்கள். ஆகவே படம் ஓட ஓட நான் நின்று வாசிக்க வேண்டும், இரண்டு மொழியிலும். ஸ்வீடிஷ் உச்சரிப்பைக் குன்வோர் அம்மா சொல்லிக்கொடுத்தார். சைலாவுக்கு எழுதிய "உன் அம்மா இருந்திருந்தால்" என்ற வரியோடு நான் நின்றுவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. "எவ்ளோ நேரம் வேணுமோ எடுத்துக்கோங்க சம்பந்தி. நாங்க எங்கயும் போகல" என்றார். அக்கா, நீ முன் வரிசையில் உட்கார்.