அந்த மேகம் மட்டும் விலகட்டும்

ஊர்காட்டி என்றொரு இனம் உண்டு. சம்பளத்துக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டியோடு இவரைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வழிகாட்டி பாவம், நாலு புத்தகம் படித்துவிட்டு வருகிறவர். ஊர்காட்டிக்கு அந்தத் தலையெழுத்து எதற்கு? அவர் இங்கேயே பிறந்தவர். பிறந்த ஊரை யாராவது பார்ப்பார்களா? விருந்தாளி வந்து இறங்கிய மறுநாள் காலை, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க, ஊரைக் காட்டறேன்" என்று கிளம்புவார் பாருங்கள், அன்றைக்குத்தான் அவரும் முதன்முதலாக ஊரைப் பார்க்கப் போகிறார். விருந்தாளிக்கு இது தெரியாது. பல சமயம் அவருக்கே தெரியாது.

ஈக்வடாரின் தலைநகரான எங்கள் கித்தோவில் இந்த இனம் கொழுத்து வளர்கிறது. காரணம், எங்கள் மேகம். சுற்றிலும் பனிமலைகள் இருப்பது உண்மைதான். ஆனால் வருஷத்தில் பாதி நாள் அவை மேகத்துக்குள் முக்காடு போட்டுக்கொண்டிருக்கும். எந்த மேகத்தைக் காட்டி எந்த மலையின் பெயரைச் சொன்னாலும் யார் வந்து மறுக்கப்போகிறார்கள்? போதாக்குறைக்கு, 'தெரியாது' என்ற சொல் எங்கள் வாயில் வராது. வழி கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது இங்கே மரியாதையில்லை. தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு வழியைச் சொல்லித்தான் அனுப்புவோம். 'இங்கதாங்க, பக்கத்துலயே' என்பதும் எங்கள் சொல்தான். நூறு அடியிலிருந்து முக்கால் மணி நேரம் வரை அதற்கு நீளம் உண்டு.

என் பக்கத்து வீட்டுக்காரர் தோன் அனிபால் சிம்பான்யா (ஆண்களுக்குத் 'தோன்', பெண்களுக்குத் 'தோன்யா', எங்கள் ஊர் மரியாதை) இந்த இனத்தின் சுத்தமான வாரிசு. ஐம்பத்தெட்டு வயது. பொத்தானும் நூலும் விற்கும் கடை வைத்திருக்கிறார். மனைவி காலமாகிப் பதினோரு வருஷம். இருப்பது ஒரே மகள், மரிபெல். அவளுக்கும் துறைமுகப் பட்டணமான குவாயாகிலில் இருக்கும் ஜோஃப்ரேவுக்கும் ஆகஸ்டில் கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகு எங்கே குடித்தனம்? அங்கேதான் சிக்கல். பையனின் அம்மா தோன்யா நார்சிசா தன் வீட்டு மாடியில் அறையே கட்டிவிட்டார். கடைசியில், "ஒரு நாள் வந்து உங்க ஊரைப் பாக்கறேன். பிடிச்சா புள்ளைங்க அங்கேயே இருக்கட்டும், இல்லேன்னா இங்க" என்று தீர்ப்புக்கு நாள் குறித்துவிட்டார். குவாயாகில் என்றால் எட்டு மணி நேரப் பஸ். அனிபால் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு சம்பந்தியம்மா வந்து இறங்கினார். சனிக்கிழமை காலை அனிபால் என் கதவைத் தட்டினார். "நீங்களும் வாங்க. நான் சொல்றதுக்கெல்லாம் ஆமான்னு தலையாட்டுங்க, போதும்."

வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "சம்பந்தியம்மா, அதோ பாருங்க, கொத்தோபாக்சி பனிமலை!"

"எங்கே? மேகந்தான தெரியுது."

"அதுக்குப் பின்னால! அந்த மேகம் மட்டும் விலகட்டும், அசந்து போயிடுவீங்க. பத்தே நிமிஷம்."

நான் தலையாட்டினேன்.

முதலில் பெரிய கோபுரம் வைத்த கிறிஸ்தவக் கோயில். இங்கேதான், பக்கத்திலேயே. செங்குத்தான தெருக்களில் நாற்பது நிமிஷம் ஏறினோம். கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகிய அம்மாள், பத்தடிக்கு ஒரு தரம் நெஞ்சில் கைவைத்து நின்றார். "இதாங்க உங்க ஊர்ப் 'பக்கத்துலயே'? இந்நேரம் நான் பக்கத்து நாட்டுக்கே போயிருப்பேனே!"

"பஸ்ல வந்திருக்கலாம்ப்பா" என்றாள் மரிபெல்.

"நடந்தாத்தாம்மா ஊர் தெரியும்." சொன்னவருக்கும் மூச்சு வாங்கியது.

கோயில் வந்ததும் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "சுவர் நெடுக நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, சிங்கமும் கழுகும்! ஐரோப்பாவுலகூட இப்படிக் கிடையாது."

நார்சிசா அண்ணாந்து பார்த்தார். நெற்றியில் கைவைத்து மறுபடியும் பார்த்தார். "சம்பந்தி, அது ஓணான்."

"என்னது?"

"இகுவானா ஓணான்! எங்க ஊர்ப் பூங்காவுல மரத்துக்கு மரம் கெடக்குமே, அதேதான். பக்கத்துல இருக்கறது ஆமை. உங்க கோயில் சுவத்துல எங்க ஊர் ஓணானுக்கு என்ன வேலை?"

மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில் அது. இருபத்தாறு வருஷமாக அந்த வழியாகத்தான் கடைக்குப் போகிறார். அண்ணாந்து பார்க்கத் தோன்றியிருந்தால்தானே? ஆனால் ஊர்காட்டி அசருவாரா? "நீங்க வருவீங்கன்னு அப்பவே தெரிஞ்சுதான் வெச்சிருக்காங்க" என்றார். நான் தலையாட்டினேன். மரிபெல் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"கோபுரத்து மேல ஏறலாமா?" என்று கேட்டார் நார்சிசா.

"இன்னிக்கு மூடியிருக்கும்" என்றார் அனிபால். சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பள்ளிக்கூடமே எங்களை இடித்துக்கொண்டு மேலே ஏறியது.

"நீங்க ஏறியிருக்கீங்களா?"

"எத்தனை தடவை! அதை விடுங்க, அங்க பாருங்க, கொத்தோபாக்சி. அந்த மேகம் மட்டும்..."

"காலையில வலது பக்கமில்ல இருந்துச்சு?"

"பெரிய மலைங்க. எந்தப் பக்கம் நின்னாலும் தெரியும்."

மதியச் சாப்பாட்டுக்கு, நாட்டிலேயே சிறந்த உருளைக்கிழங்கு சூப் கிடைக்கும் கடை ஒன்று இருந்தது. இங்கேதான், பக்கத்திலேயே. காணோம். பத்திரிகை விற்றவரைக் கேட்டோம். இடது பக்கம் போகச் சொன்னார். பழம் விற்ற அம்மாளைக் கேட்டோம். வலது பக்கம் அனுப்பினார். இரண்டு பேருமே ஊர்காட்டிகள்தான், வேறென்ன? அதற்குள் வெயில் போய், மழை வந்து, ஆலங்கட்டியும் சேர்ந்து கொட்ட, ஒரு கதவடியில் நாலு பேரும் ஒண்டிக்கொண்டு, சூப்புக்குப் பதில் ஆளுக்கொரு சோள ரொட்டியைத் தின்றோம். தோன்யா நார்சிசா செருப்பைக் கழற்றிக் குதிகாலைப் பார்த்தார். கொப்புளம். மரிபெல் பக்கம் குனிந்து, மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் கதவடி சின்னது: "தப்பா நெனைக்காதம்மா. இங்க என் புள்ளைக்கு மூச்சு முட்டிடும்."

அது அனிபால் காதிலும் விழுந்தது. கையிலிருந்த மீதி ரொட்டியை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஐந்தரை. கடைசி முயற்சியாக, டாக்சி பிடித்து, ஊர் நடுவிலுள்ள குன்றின் உச்சிக்குப் போனோம். சிறகு முளைத்த மாதா சிலையின் காலடியில் நின்றுகொண்டு அனிபால் மூன்றாவது திசையில் கையை நீட்டினார். குரலில் பழைய சுருதி இல்லை. "சம்பந்தியம்மா, அதோ, அந்த மேகம் மட்டும் விலகட்டும்..."

"இது மூணாவது கொத்தோபாக்சி" என்றார் நார்சிசா.

"அப்பா, திரும்பிப் பாருங்க" என்றாள் மரிபெல்.

"பொறும்மா, சொல்லிக்கிட்டிருக்கேன்ல."

"அப்பா!"

திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால், நாள் முழுக்க அவர் ஒருமுறைகூடக் காட்டாத திசையில், மலை முழுசாக நின்றது. அடிமுதல் நுனிவரை ஒரு பிசிறு மேகம் கிடையாது. உச்சிப் பனியில் மாலை வெயில். நீட்டிய கை மட்டும் இன்னும் பழைய பக்கமே இருந்தது.

நான் தலையாட்டத் தயாரானேன். எதற்கு ஆட்டுவது என்றுதான் புரியவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் அனிபால். கித்தோவில் நான் இந்தச் சொல்லைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "மலை எந்தப் பக்கம்னு தெரியாது. கோபுரத்துல ஏறினதே இல்ல. கடையும் வீடுமா அம்பத்தெட்டு வருஷம் ஓடிப்போச்சு. இவளும் போயிட்டா வீட்டுல யாருமில்ல. உங்களுக்கு ஊரைப் பிடிக்கணுமேன்னுதான்..." நீட்டியிருந்த கையை இப்போதுதான் கீழே இறக்கினார்.

தோன்யா நார்சிசா சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு முட்டி, மரிபெல் முதுகைத் தடவிக்கொடுக்கும்வரை சிரித்தார். "இதைக் காலையிலேயே சொல்லியிருந்தா என் காலாவது தப்பிச்சிருக்குமே, மனுஷா!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, புள்ளைங்க இங்கேயே இருக்கட்டும். பொண்ணைப் பக்கத்துல வெச்சுக்க இந்தப் புளுகு புளுகற ஆள்கிட்டேருந்து அவளை எப்படிப் பிரிக்கிறது? மாடியில வாடகைக்கு ஆள் வெச்சுக்கறேன். ஆனா ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னாடியே வந்துடுங்க. ஊர்னா எப்படிக் காட்டணும்னு நான் காட்டறேன். குன்று மேல கலங்கரை விளக்கம், நானூத்துச் சொச்சம் படி, உச்சியில நின்னா ஆறு மொத்தமும் காலடியில!"

"நீங்க ஏறியிருக்கீங்களா அத்தை?"

"எத்தனை தடவை!" என்றார் தோன்யா நார்சிசா. கை தானாகச் சட்டைக் காலரை இழுத்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் ஊரிலும் ஒரு கோட்டையோ, கோபுரமோ, கலங்கரை விளக்கமோ இல்லாமலா இருக்கும்? வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று சீட்டு வாங்கி ஏறுகிறார்கள். அதன் அடியிலுள்ள நிறுத்தத்தில் நீங்கள் இருபது வருஷமாகப் பஸ் ஏறுகிறீர்கள். அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்கும் விருந்தாளி வருகிறாராமே, அதன் உச்சிக்கு எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள். கை காலருக்குப் போவது இங்கிருந்தே தெரிகிறது. இன்றைக்குப் பார்த்து மேகமே இல்லை.