துணிக்குப் பின்னால் ஒன்றுமில்லை

அக்காவுக்கு,

ஒன்றுமில்லை. நான் அனுப்பிய படத்தில் கட்டிலுக்குப் பின்னால் தொங்குகிறதே, அந்தத் துணிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. நீ போனில் கேட்டபோதே சொல்லியிருப்பேன். என் குரலை வைத்தே பொய்யைப் பிடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். நாங்கள் நலம். நீ நலமில்லை என்று தெரியும், ஆகவே கேட்கவில்லை.

"அந்த மனுஷனை விட்டுட்டு வர்றேன்டி. ஆனா உன் வீட்டு குடோன்ல என்னைப் படுக்க வைக்காதே" என்றாய். எங்களிடம் உனக்குத் தர இருப்பது கீழ்த்தளத்து அறை ஒன்றுதான். அதன் ஒரு சுவர் முழுக்கக் குழாய்கள். பருத்தது, மெலிந்தது, வந்த வழியே வளைந்து திரும்பிப் போவது. மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு வெந்நீர் ஹீட்டர். பார்த்தால் பெட்டியைக் கீழே வைக்காமலேயே திரும்பிவிடுவாய். எங்கே திரும்புவாய் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவே மறைத்தோம். ஆள் வைத்துப் பலகை அடிக்க வசதியில்லை. கையில் இருந்தவை மூன்று பழைய படுக்கை விரிப்புகள், ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, மேல்வீட்டுக்காரர் மிச்சம் வைத்த வெள்ளைப் பெயின்ட். விரிப்புகளைச் சேர்த்துத் தைத்துக் கயிற்றில் தொங்கவிட்டேன், அட்டையை ஹீட்டருக்குச் சட்டையாக மாட்டினேன், துணியையும் மீறி எட்டிப் பார்த்த குழாய்களுக்கு இவர் ஏணி போட்டு வெள்ளையடிக்கத் தொடங்கி, கை வந்த வேகத்தில் வால்வுகள் உட்பட எல்லாவற்றுக்குமே அடித்துவிட்டார். அடிப்பதற்கு முன் குழாய்களில் சிவப்பும் நீலமுமாக ஏதோ டேப் சுற்றியிருந்தது. "அசிங்கமா இருக்கு, உரிச்சிடவா?" என்றார். "உரிங்க" என்றேன். அந்த "உரிங்க" என்னுடையது, அக்கா.

மறுநாள் காலை துணியின் அடியில் ஈரம். ஏணி இடித்த மூட்டு ஒன்று கசிந்துகொண்டிருந்தது. எந்த வால்வை அடைப்பது? எல்லாம் வெள்ளை. சீருடை போட்ட பள்ளிக்கூடம் மாதிரி நின்றன. இவர் ஒன்றைத் திருகினார். கசிவு நிற்கவில்லை. மேலே பாட்டு நின்றது.

மேல்வீட்டுக்காரர் குளிக்கும்போது பாடுவார். எங்களுக்குள் அவர் பெயர் பாட்டுக்காரர். இரண்டே நிமிடத்தில் இடுப்பில் துண்டும் தலை நிறைய நுரையுமாகப் படியில் நின்றார்.

"என்னம்மா, தண்ணி எங்க?"

"இங்கதான் சார் இருக்கு" என்றார் இவர், தரையைக் காட்டி.

திருகியதைத் திறந்துவிட்டு, பிளம்பரைக் கூப்பிட்டோம். வந்தார். துணியை விலக்கினார். ஒரு வால்வை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"யாரு வெள்ளையடிச்சது?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார்.

"ஹீட்டருக்கு சட்டை வேறயா? குளிருதுன்னு கேட்டுச்சா? தீப்பிடிச்சா தானே கழட்டிக்கும்."

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு குழாயாக உள்ளங்கையை வைத்தார். "இது மேல சமையல்கட்டு. பாத்திரம் தேய்க்கிறாங்க. இது வெந்நீர். இது அழுக்குத் தண்ணி. இதான் உங்களுது." திருகினார். கசிவு நின்றது. மூட்டை இறுக்கிவிட்டுப் போனார்.

அவர் போனபின் நானும் கை வைத்தேன்.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு குழாய் நடுங்கிற்று. மேலே யாரோ ஒரு டம்ளர் கழுவுகிறார்கள். அது என் உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது. இன்னொன்று மெல்லச் சூடேறி, மெல்ல ஆறியது. பெரிய உடம்பு ஒன்றின் உள்ளே நிற்கிறேன் என்று தோன்றியது. மேலே பேசுகிறோம், சண்டை போடுகிறோம், கதவை அறைந்து சாத்துகிறோம். கீழே இது ஒரு வார்த்தை பேசாமல் கொண்டுவருகிறது, கொண்டுபோகிறது. இதையா மறைத்தேன்?

"சாப்பிட வரலையா?" என்று இவர் எட்டிப் பார்த்தார்.

"ஷ்" என்றேன். பாட்டுக்காரர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

உன்னைப் பயமுறுத்த இதையெல்லாம் எழுதவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது. துணி தொங்குகிறது. அதன் பின்னால் ஒன்றுமில்லை. தைரியமாக வா. இவர் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். மூத்தவள் நீ, ஆசீர்வாதத்தைத் தபாலில் அனுப்பாதே, நேரில் கொண்டு வா.

உன் தங்கை

பி.கு.: மேலே, துணி தொங்குகிறது என்றது பொய். துணியையும் ஹீட்டரின் சட்டையையும் கழற்றிவிட்டேன். குடோன்தான், அக்கா. வெந்நீருக்குச் சிவப்பு, பச்சைத் தண்ணீருக்கு நீலம் என்று டேப் மறுபடி சுற்றியாயிற்று. ஒரு குழாய் மட்டும் எங்கிருந்தும் வரவில்லை, எங்கேயும் போகவில்லையாம். பிளம்பருக்கே தெரியவில்லை. அதில் உன் துண்டைக் காயப்போடலாம்.

இதை எழுதி வைத்துவிட்டுக் கீழே போனேன். உனக்கு எப்போதும் பாதம் சில்லென்று இருக்கும். கட்டிலை இழுத்து, கால்மாடு வெந்நீர்க் குழாயை ஒட்டி வரும்படி போட்டுவிட்டு வந்தேன்.