சித்திரபுரத்தில் நான்கு பிராணிகள்

சித்திரபுரத்தில் மூன்று வாரமாக மனிதர்களே இல்லை. புலிகள் இருந்தன. யானைகள் இருந்தன. மான்களும் மயில்களும் இருந்தன. பஸ்ஸுக்கு நிற்கிறவரிடம் "சவுக்கியமா?" என்று கேட்டால், "நான் யானை. கூட்டத்துல பேச மாட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எல்லாம் ஒரு பேனர் செய்த வேலை. "உன்னை உனக்குத் தெரியுமா? பத்து விரல். மூன்று நொடி. முழு ஆளுமை." கீழே கோட்டு போட்ட ஒரு படம்: ஆளுமை ஆய்வாளர் டாக்டர் பூபதிராஜா. எதற்கு டாக்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோட்டு போட்டிருந்தாரே, போதாதா?

டாக்டர் மலைக்குக் கீழே கோபாலபுரம் பக்கத்து ஆள். ஞாயிற்றுக்கிழமைதோறும் உடுமலை, மறையூர் வழியாகக் காரில் ஏறி வந்து கல்யாண மண்டபத்தில் மேசை போடுவார். வரிசை மண்டப வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நீளும். ரேஷன் கடையில் பத்து நிமிஷம் நின்றால் அரசாங்கத்தையே திட்டுகிற ஜனம், இங்கே சாரலில் இரண்டு மணி நேரம் சிரித்துக்கொண்டு நின்றது.

முதலில் ஒரு தாள் தருவார். என்ன வேலை? சத்தமாகப் பேசுவீர்களா? கூட்டம் பிடிக்குமா? அதை நிரப்பிக் கொடுத்து, ஆயிரம் ரூபாயையும் கொடுத்துவிட்டு, மேசைமேல் இருக்கும் கறுப்புப் பெட்டியின் ஓட்டைக்குள் கையை நுழைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் ரேகை கலைந்துவிடுமாம். பச்சை விளக்கு எரியும். 'பீப்' என்று சத்தம் வரும். ஆள் புலியா, யானையா, மானா, மயிலா என்று முடிவாகிவிடும். அவரவர் எழுதிக் கொடுத்ததையே அவரவரிடம் திருப்பிச் சொல்ல எதற்கு விரல் என்று கேட்க அந்த வரிசையில் ஒரு தலை இல்லை.

ரிப்போர்ட்டும் கையில் கிடைக்கும். "நீங்கள் வெளியே சிரிப்பீர்கள், உள்ளே அழுவீர்கள். பிறருக்காக நிறைய விட்டுக்கொடுத்தீர்கள். உங்கள் அருமை உங்கள் வீட்டாருக்குத் தெரியவில்லை." படித்தவர்கள் கண் கலங்கினார்கள். இந்த மூன்று வரியும் பொருந்தாத ஓர் ஆளைத் தேவிகுளம் தாலுகா முழுக்கத் தேடிப் பிடித்துக் காட்டுங்கள், பார்க்கலாம்.

ஸ்டோர் கிளார்க் அருள்குமார் புலி. அன்றிலிருந்து அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவுவதில்லை. புலி எங்கேயாவது தட்டு கழுவுமா? பெரியமுத்து யானை. யானை தன் நடையில்தான் நடக்கும் என்று சொல்லிவிட்டு, எஸ்டேட்டில் காலையில் பேர் கொடுக்கிற மஸ்டருக்கு அரைமணி நேரம் பிந்திப் போனார். போன மாதமும் பிந்தித்தான் போனார். அப்போது அதற்குப் பெயர் சோம்பேறித்தனம்.

இந்தக் காட்டுக்குள் ஆனந்தமாக நுழைந்தவர்களில் குருசாமியும் ஒருவர். டீ பாக்டரியில் கொழுந்து அரைக்கிற பிரிவில் இருபத்தெட்டு வருஷம். யூனியன்காரர். இளவட்டத்தில் தன் ஜாதகத்தைத் தானே அடுப்பில் போட்டவர். அந்தச் சாம்பலின் பெருமை இன்னும் அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கிளி சீட்டெடுத்தால் அவருக்கு மூடநம்பிக்கை. அதே சீட்டைக் கோட்டு போட்டவர் எடுத்தால் விஞ்ஞானம்.

மகள் கற்பகத்துக்கும், டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிற ஜெகனுக்கும் கல்யாணம் பேசியாகிவிட்டது. நாலு வருஷமாக ஒருவரை ஒருவருக்குப் பிடித்துப்போய், பெற்றவர்களும் சரியென்ற கல்யாணம். தை மாதம் தேதி. குருசாமி சும்மா இருந்திருக்கலாம். "ஜாதகம்தான் பாக்கல, சயின்ஸாவது பாப்போம்" என்று இரண்டு பேரையும் பெட்டிக்குள் கைவிட வைத்தார். பெண் புலி. பையன் மான். 'மானுக்குக் கோபம் வராது. சிக்கல் வந்தால் ஓடிவிடும்' என்றது ரிப்போர்ட்டின் அட்டை.

"ஏனுங்கண்ணா, புலிக்கும் மானுக்கும் எப்புடிங்க ஒரே ஊட்டுல ஒத்துப்போகும்?" என்றார் பூபதிராஜா. "ரெண்டே வருசமுங்க. அப்பறம் கோர்ட்டுதானுங்க. நான் சொல்லலைங்க, உங்க புள்ளையோட விரல் சொல்லுது."

குருசாமி நேராக ஜெகனின் அப்பா சந்தனத்தின் வீட்டுக்குப் போய் "இது தோதுப்படாது" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் கற்பகம் கேட்டாள்.

"அவரு ஓடிருவாருன்னு யாருப்பா சொன்னா?"

"மிசின் சொல்லுது."

"போன வருசம் ரோடு இடிஞ்சப்ப, ஜீப்புல இருந்த டூரிஸ்ட்டுகள எல்லாம் இறக்கி விட்டுட்டுத்தான் கடைசியா அவரு இறங்குனாரு. அது மிசினுக்குத் தெரியுமா?"

"எதுத்துப் பேசுத பாரு. புலின்னு சரியாத்தான போட்டிருக்கான்."

இதுதான் இந்த வியாபாரத்தின் வசதி. பேசினால் புலி. பேசாவிட்டால் பதுங்குகிற புலி. கற்பகம் அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை.

குருசாமியின் மனைவி ராமலட்சுமி கொழுந்து கிள்ளுகிறவள். அவள் சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிறு காலை தலையை முடிந்துகொண்டு, தூக்குவாளியோடு கிளம்பினாள்.

"நீ எங்கட்டி போற?"

"இருபத்தாறு வருசம் உங்களோட குடும்பம் நடத்திட்டேன். நான் என்ன மிருகம்னு தெரிய வேண்டாமா?"

குருசாமிக்கு மகிழ்ச்சி. மனைவிக்கும் விஞ்ஞானப் பார்வை வந்துவிட்டதே. கூடவே போனார்.

ராமலட்சுமியின் முறை வந்தது. பெட்டிக்குள் வலது கையை விட்டாள். பச்சை விளக்கு. 'பீப்'.

"மான் வகைங்க அக்கா. சாந்தமானவிங்க. ரேகை கண்ணாடியாட்டம் விழுந்திருக்குதுங்க."

"ரேகை விழுந்திருக்கா?"

"பளிச்சுனு இருக்குதுங்க."

ராமலட்சுமி கையை வெளியே எடுத்தாள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டினாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனி கறுத்து, தேய்ந்து, பழைய அம்மி மாதிரி வழவழவென்று இருந்தது. ரேகை என்று ஒரு கோடு கிடையாது. வரிசையில் நின்ற பெண்கள் அனிச்சையாகத் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் அதே விரல்தான்.

"ஆறு வருசமா ரேஷன் கடை மிசின் என்னைய ஆளுன்னே ஒத்துக்கல தம்பி. ஏ பிஜு, சொல்லுப்பா."

ரேஷன் கடை மலையாளி பிஜு தன் ஆளுமையை அறிய அதே வரிசையில் நின்றிருந்தான். "செரியா சேச்சி. பத்து விரலும் வச்சு நோக்கும், கிட்டாது. போன்ல நம்பர் வந்தாத்தான் அரி கொடுப்பேன்."

பூபதிராஜா சிரித்தார். இந்த மாதிரிக் கேள்விகளுக்குச் சிரிக்கப் பழகியவர். "அது கவர்மெண்டு மிசினுங்க. இது ஜெர்மன்காரன் மிசின். தோலுக்கு உள்ளாற இருக்கற ரேகையைப் படிக்குமுங்க."

கூட்டம் தலையாட்டியது. ஜெர்மனி என்றதும் தலை தானாக ஆடிவிடுகிறது. எல்லோருக்கும் முந்தி ஆடியது குருசாமியின் தலை.

"அப்படின்னா சரி" என்றாள் ராமலட்சுமி. "வலது கைதான ஆச்சு. இடது கையவும் பாத்துருங்க."

"தாராளமா வையுங்க அக்கா. இடது கை மனசோட ஆழத்தைச் சொல்லும்."

அவர் மேசையிலிருந்த கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். ராமலட்சுமி தூக்குவாளியைத் திறந்தாள். மதியத்துக்குக் கொண்டுவந்த அவித்த மரவள்ளி, மலையில் சொல்கிற கப்பைக்கிழங்கு, இருந்தது. விரல் தடிமனில் ஒரு துண்டை எடுத்து ஓட்டைக்குள் விட்டு அழுத்தினாள். பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குருசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

பச்சை விளக்கு. 'பீப்'.

பூபதிராஜாவின் குரல் தழுதழுத்தது. "இடது கை மயிலுங்க. ரொம்பப் பாசத்துக்கு ஏங்குன மனசு. சின்ன வயசுல அப்பாவோட அன்பு சரியாக் கிடைக்கலைங்க. வெளியே சிரிப்பீங்க, உள்ளே அழுவீங்க."

ராமலட்சுமி கிழங்கை வெளியே எடுத்து, அவருடைய ரிப்போர்ட் கட்டின்மேல் வைத்தாள்.

"பாவம். இதோட அப்பன் யாருன்னு எனக்கும் தெரியல தம்பி. சந்தையில வாங்குனது."

கொழுந்துக்காரப் பெண்கள் சிரித்த சிரிப்பு ரோடு வரை கேட்டது. யாரோ பெட்டியைக் கவிழ்த்தார்கள். உள்ளே ஒரு காலிங்பெல் சுவிட்சு, ஒரு பச்சை பல்பு. ஜெர்மனி அவ்வளவுதான். மேசைக்கடியில் நாலு கட்டு ரிப்போர்ட். மேலே அட்டையில்தான் புலி, யானை, மான், மயில். உள்ளே 'வெளியே சிரிப்பீர்கள்' நாலிலும் ஒன்றே. கொடுத்த காசைக் கேட்டு ஜனம் மேசையைச் சூழ்ந்தது. பூபதிராஜா கோட்டைக் கழற்றினார். கழற்றியதும் டாக்டரும் போய்விட்டார்.

பெரியமுத்து மட்டும் ரிப்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "மிசின் பொய்யா இருக்கலாம் மதினி. ஆனா எனக்குப் போட்டது மட்டும் அப்படியே சரி."

"ஆமா கொழுந்தனாரே, கிழங்குக்கும் சரியாத்தான் இருந்துச்சு" என்றாள் ராமலட்சுமி.

குருசாமி யாரையும் பார்க்கவில்லை. முப்பது வருஷத்துப் பகுத்தறிவு ஒரு துண்டுக் கிழங்கிடம் தோற்ற வலி அது. அங்கிருந்து நேராகச் சந்தனத்தின் வீட்டுக்கு நடந்தார்.

சந்தனம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"என்ன வே, இப்ப எங்களுக்கு என்ன பேரு வைக்க வந்தீரு?"

"தப்பு என்னோடதுதான். மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்."

ஜெகன் ஜீப்புக்கு அடியிலிருந்து கிரீஸ் கையோடு எழுந்து வந்தான். குருசாமி தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, உனக்குக் கோபம் வருமா?"

"வரும் மாமா. இந்தா இப்ப உங்க மேல நல்லாவே வந்துருக்கு."

"கோபம் வந்தா என்ன செய்வ?"

"மொகத்துக்கு நேராச் சொல்லிருவேன். நீங்க செஞ்சது கேவலமான காரியம். கற்பகம் ஏழு நாளா சரியாச் சாப்பிடல. அவகிட்டப் போயி மன்னிப்புக் கேளுங்க. அவ சரின்னா தை மாசத் தேதியில மாத்தம் இல்ல." கையைத் துடைத்துக்கொண்டான். "இப்ப உக்காருங்க. டீ போடச் சொல்லுதேன்."

குருசாமி உட்கார்ந்தார். அந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. இரண்டே கேள்வி. பெட்டி இல்லை, பல்பு இல்லை. நாலு வருஷமாக அவன் அதே தெருவில்தான் இருந்தான்; கேட்டிருந்தால் என்றைக்கும் சொல்லியிருப்பான்.

பக்கத்தில் இருப்பவரோடு பத்து வார்த்தை பேசச் சோம்பல், தன்னைத் தானே உற்றுப் பார்க்கப் பயம். இந்த இரண்டும் இருக்கிற வரை கோட்டு போட்ட எவனாவது பெட்டியோடு மலையேறி வரத்தான் செய்வான். அவன் விரலைக் கேட்பான். கொடுத்துத் தொலையுங்கள். தலையை மட்டுமாவது உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.