ஆயிரத்தெண்ணூறு சொற்களின் மதில்

"இதுல எந்த இடத்துல மூச்சு விடுற, சேர்?"

"மூச்சு விடவேணும் எண்டு ஆர் சொன்னது, தங்கச்சி?"

இவ்வாறு முழங்கிய வீரன் வாழ்க. காணிக் கந்தோரிலே முப்பதாண்டு கோப்புகளை அடக்கியாண்டு ஓய்ந்தவனும், வடக்கே ஷெல்மாரி பொழிந்த இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டிலே கண்டி திருகோணமலை வீதி இன்டர்நெட் கடையொன்றின் மூன்றாம் கதிரையைச் சிங்காதனமாய்க் கொண்டவனும், ஆயிரத்தெண்ணூறு சொற்களை இடைவெளியின்றி ஒரே பந்தியாய் நிறுத்திய சேனாதிபதியுமான விமலநாதன் வாழ்க. எதிர்நின்றவள் கடைக்காரி பாயிஸா, விசைப்பலகை ஏந்திய கொற்றவை.

இந்தக் கடைப்போரின் காரணம் ரொறன்ரோவிலிருந்து வந்தது. எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் ஐந்து வயதாயிருந்த அவன் மகள் பத்மாதேவி, தன் மாமா தேவராசா எப்படி இறந்தார் என்று தகப்பனிடம் கேட்டுக் கேட்டுச் சலித்தவள். கடைசியில் அவன் கலவரத்தின் மூன்று நாட்களையும் தன் வலைப்பதிவில் எழுதினான். அவள் பதில் போட்டாள்: "ஸ்கிரீன் முழுக்க ஒரே கறுப்பாக் கிடக்கு அப்பா. வாசிக்க ஏலாது. பிரிச்சுப் போடுங்கோ." பார்வையாளர் ஒன்பது பேர் என்றது கணினி. அதில் எட்டுப்பேர் விமலநாதனே.

"நாளுக்கொரு தலைப்புப் போட்டா வாசிப்பாங்க சேர்."

"வெறும் இடம் விட்டா, எழுத ஒண்டுமில்லை எண்டெல்லோ ஆக்கள் நினைப்பினம்."

ஏரோகிராம் கடிதத்தின் ஒட்டுமடிப்பு வரை எறும்பெழுத்தால் நிரப்பி இருபதாண்டு வெளிநாட்டுக்கு அனுப்பிய கை அது. வெற்றிடம் கண்டால் பதறும். பாயிஸா என்ரர் விசையை வாளென வீச, வெட்டுண்ட வரிகளை அவன் மறுகணமே இழுத்து ஒட்ட, மதயானைகளென நெருங்கி நின்ற வாக்கியங்கள் மேலும் கீழும் அலைய, பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் இருவர் தம் வேலையை விட்டு எட்டிப் பார்த்தனர். சமாதானத்துக்குத் தடித்த எழுத்தென்னும் அஸ்திரத்தை அவள் காட்டித் தந்தாள். அதன் ருசி கண்டவன் ஆயிரத்தெண்ணூறு சொல்லையும் தடிப்பாக்கினான். எல்லாரும் தளபதியான படையில் சண்டை பிடிப்பது யார்?

ஒரு மணித்தியாலத்தில் மதில் வீழ்ந்தது. 'முதலாம் நாள்' என்ற கொடியின் கீழ் ஒன்பது பந்திகள். 'இரண்டாம் நாள்' கீழே பதினொன்று: ஒளித்துவைத்த அயல்வீட்டுச் சிங்களவரின் குசினி அடுப்படி, அணைத்த விளக்கு, அடக்கிய இருமல், எல்லாம் பளிச்சென்று துலங்கின. மூன்றாம் கொடியை நாட்டிய பாயிஸா கையை எடுத்தாள்.

"மூணாம் நாளுக்கு ஒரு வரிதானே சேர் ஈக்கிது."

'மூன்றாம் நாள் தேவராசா வெளியே போனார்.' அவ்வளவுதான். சிகரெட் வாங்கிவரச் சொல்லி மைத்துனனை அனுப்பியது தான்தான் என்று விமலநாதன் எங்கும் எழுதியிருக்கவில்லை. தோளோடு தோள் நின்ற சொற்களுக்கிடையே அது இல்லாததை இதுவரை ஒருவரும் கண்டதுமில்லை. இப்போது அந்த ஒற்றை வரியைச் சுற்றித் திரை வெள்ளையாய்க் கிடந்தது.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"தங்கச்சி, அந்தத் தலைப்பை ஒருக்கா எடுத்துவிடுங்கோ."